ஒரு வாரத்துக்கு ஒரு வீடு



ஒரு வாரம் தங்குவதற்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க எங்கள் குடும்பத்துக்கு மூன்று வாரங்கள் ஆயின. கேட்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். தொடக்கத்தில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 34 ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் கற்பித்தவன், நிலப்படத்தை உண்மையாகவே தன் தேவைக்காகப் படித்தது அந்த மூன்று வாரங்களில்தான். கரும்பலகையில் சமஉயரக் கோடு வரைவது ஒன்று. அந்தக் கோட்டின்மேல் முழங்கால் வலியுள்ள மனைவியை ஏற்றிச் செல்ல முடியுமா என்று கணக்கிடுவது வேறொன்று.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் எங்கள் மகள் வீட்டில் இருந்தோம். அவள் அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலி. பேரனுக்குப் பத்து வயது. மே மாத இறுதியில் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு வாரம் இடைவிடுமுறை உண்டு. அந்த வாரத்தை நாட்டுப்புறத்தில் கழிக்க வேண்டும் என்பது மகளின் விருப்பம்.

பிரிட்டனில் சிற்றூர் வீடுகளை வாரக் கணக்கில் வாடகைக்கு விடும் வழக்கம் பரவலாக உள்ளது. ‘காட்டேஜ்’ என்று அவற்றைச் சொல்வார்கள். அது விடுதி அன்று. சமையலறை, படுக்கையறை, கணப்பு எல்லாம் அமைந்த தனி வீடு. பெரும்பாலும் சனிக்கிழமை மாலை புகுந்து அடுத்த சனிக்கிழமை காலை விட்டுவிட வேண்டும். அரிசியும் பருப்பும் நாமே எடுத்துச் செல்லலாம். என் மனைவி இந்தப் பயணத்துக்கு இசைந்ததே இந்த ஒரு காரணத்தால்தான்.

தொல்லைகள் இரண்டு இருந்தன. மாப்பிள்ளைக்குப் புதன்கிழமை வரை வேலை. வீட்டிலுள்ள ஒரே வண்டியும் அதுவரை அவருக்குத் தேவை. ஆகவே முதல் நான்கு நாள்கள் எங்களுக்கு வண்டி கிடையாது. அடுத்தது, நான் முன்பே சொன்ன முழங்கால். படி ஏறினால் அவளுக்கு வலிக்கும். இறங்கினால் அதைவிட வலிக்கும். படங்களைப் பார்ப்பதற்கு முன்பே இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம். மகள் சிரித்தாள், ஆனால் தாளைக் கிழிக்கவில்லை.

வண்டி இல்லாதவர்களுக்கு ரயில்தான் வழி. பர்மிங்காமிலிருந்து வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையிலுள்ள அபெரிஸ்த்வித் நகருக்கு நேரே ஒரு ரயில் செல்கிறது. ஷ்ரூஸ்பரி நிலையத்தில் வந்த திசையிலேயே திரும்பிப் புறப்பட்டு, எல்லையைக் கடந்து, மலைகளுக்குள் புகுகிறது. தலெர்திக் என்னும் இடத்தில் பாறையை 120 அடி ஆழத்துக்கு வெட்டி வழி அமைத்திருக்கிறார்கள். 1860களின் தொடக்கத்தில் டேவிட் டேவிஸ் என்னும் ஒப்பந்தக்காரர் கூலியாட்களைக் கொண்டு வெட்டுவித்த வழி அது. அதைத் தாண்டி இறங்கினால் டவி ஆற்றின் பள்ளத்தாக்கு. அங்கே உள்ள சந்தையூரைச் சுற்றித்தான் நாங்கள் வீடு தேடினோம்.

அவ்வூரின் பெயரை உங்களுக்குச் சொல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆங்கில எழுத்தில் அப்பெயரைக் கண்டு பலர் திகைப்பார்கள். தமிழ் கற்றவர் திகைக்க வேண்டியதில்லை. அப்பெயரின் நடுவே வரும் ஓர் ஒலி, தொண்டையில் உராய்ந்து எழுவது, நம் ஆய்தத்துக்கு உறவு. அதற்கு அடுத்து வருவது ஒரு விந்தையான லகரம். நாவை லகரத்துக்கு வைப்பதுபோல் மேலே வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் இருபுறமும் காற்றை விட வேண்டும். நமக்கு ழகரம் எப்படியோ, வெல்ஷ் மொழியாருக்கு அந்த ஒலி அப்படி. அயலார் நாவுக்கு எளிதில் வசப்படாது. நம் நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லாமையால் வெறும் லகரமே இட்டு, ‘மஃகன்லெத்’ என்று எழுதுகிறேன். உள்ளூரார் சுருக்கமாக ‘மஃக்’ என்பார்கள். என் பேரனுக்கு இரண்டு நாளில் அந்த ஒலி வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை.

மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம். நம் கணக்கில் சிற்றூர். ஆனால் சந்தை நடத்தும் உரிமையை 1291ஆம் ஆண்டிலேயே அரச ஆணையால் பெற்ற ஊர். இன்றும் புதன்கிழமைதோறும் பெரிய தெருவில் சந்தை கூடுகிறது. தெருக்கள் கூடும் இடத்தில், 1874இல் கட்டத் தொடங்கிய ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1404ஆம் ஆண்டில், ஆங்கில அரசனை எதிர்த்தெழுந்த ஓவைன் க்ளின்டூர் என்னும் வெல்ஷ் தலைவன் தன் பாராளுமன்றத்தைக் கூட்டியது இவ்வூரில்தான். அதன் நினைவாக இன்று காட்டப்படும் கல் வீடு அந்நிகழ்ச்சிக்குப் பிற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் சொல்கிறார்கள். அதனால் அதன் மதிப்பு குறைந்ததாக ஊரார் நினைப்பதில்லை.

வீடுகளைப் பற்றிய விளம்பரங்கள் இணையத்தில் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றின் மொழி நடையைப் பற்றியே ஒரு தனிப் பேச்சு நிகழ்த்தலாம். ‘ஆற்றின் ஓசை கேட்டுத் துயிலலாம்’ என்று இருந்தால், ஆறு அருகில் உள்ளது என்பது பொருள். வெள்ளமும் அருகில் உள்ளது என்பதையும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘முழு அமைதி’ என்றால் கூப்பிடு தூரத்தில் கடை இல்லை. ‘பழமை மாறாத அழகு’ என்றால் வாயில்நிலை தலையில் இடிக்கும். ஒரு விளம்பரத்தில், மாற்று ஆற்றல் ஆராய்ச்சி நிலையம் மூன்று மைலில் உள்ளது, பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் என்று எழுதியிருந்தார்கள். கைவிடப்பட்ட ஒரு சிலேட்டுச் சுரங்கத்தில் 1973இல் தோன்றிய புகழ்பெற்ற நிலையம் அது. பேரன் ஆசையோடு இருந்தான். விசாரித்தால், 2023 நவம்பரிலேயே அதன் பார்வையாளர் பகுதி மூடப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. விளம்பரத்தை எழுதியவர் அதைத் திருத்தவில்லை. அன்று முதல் விளம்பரங்களை மூடிவைத்துவிட்டு நிலப்படத்தைத் திறந்தேன்.

அந்நாட்டின் ஆர்டினன்ஸ் சர்வே நிலப்படங்கள் உலகத்தின் சிறந்த படங்களுள் சேர்ந்தவை. 1:25,000 என்னும் அளவில் ஒரு கிலோமீட்டர் நிலம் தாளில் நான்கு சென்டிமீட்டராக விரிகிறது. தனித்தனி வீடும் வேலியும் நீரூற்றும் அதில் உண்டு. பொதுமக்கள் நடந்து செல்ல உரிமையுள்ள பாதைகள், தனியார் வயலுக்குள் போனாலும், பச்சைக் கோடுகளால் குறிக்கப்பட்டிருக்கும். சாலையின் குறுக்கே ஓர் அம்புக்குறி இருந்தால் ஏழடி செல்வதற்குள் ஓரடிக்குக் குறையாமல் ஏறும் ஏற்றம். இரண்டு அம்புக்குறி இருந்தால் ஐந்தடிக்கு ஓரடியினும் மிகுந்த ஏற்றம். என் சுவரொட்டித் தாளில் மூன்றாவது வரி அப்பொழுது சேர்ந்தது: ‘இரட்டை அம்பு கூடாது.’

இந்த இடத்தில் வீட்டுப் பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் ‘ஊரும் பேரும்’ என்னும் நூலைப் படித்தவர்களுக்கு, ஒரு பட்டியும் குறிச்சியும் பாக்கமும் எவ்வளவு செய்தி சொல்லும் என்று தெரியும். வெல்ஷ் நாட்டுப்புறத்தில் ஊருக்கு மட்டுமன்றி ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் அப்படிப் பெயர் உண்டு. ‘பிரின்’ என்றால் குன்று. ‘பான்ட்’ என்றால் பள்ளம். ‘கோர்ஸ்’ சதுப்பு நிலம். ‘குவெர்ன்’ என்பது நீர் தேங்கும் இடத்தில் வளரும் ஒருவகை மரம். அப்பெயர் வந்தால் தரை ஈரம் என்று கொள்ளலாம். ‘க்ளான்’ என்பது கரை. ஒரு சிறு அகராதியை வைத்துக்கொண்டு பேரனும் நானும் மாலைதோறும் இந்தப் பெயர்களைப் பிரித்துப் பார்த்தோம். விளம்பரம் மறைத்ததைப் பெயர் சொல்லிவிடும். இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர் வாடகைக்கு ஆள் பிடிக்கப் பெயர் வைக்கவில்லை அல்லவா?

முதலில் எல்லாரும் விரும்பியது, மலைமேல் தனித்து நின்ற ஒரு வெள்ளை வீடு. படம் மிக அழகாக இருந்தது. அதன் பெயரில் ‘ஹாவொட்’ என்ற சொல் இருந்தது. கோடைக்கால இருப்பிடம் என்பது அதன் பொருள். முற்காலத்தில் அந்த மலைநாட்டுக் குடும்பங்கள் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கிலுள்ள ‘ஹென்ட்ரே’ என்னும் பழைய வீட்டில் இருப்பார்கள். கோடை வந்ததும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே ஹாவொட்டுக்குச் சென்று, பால் கறந்து, வெண்ணெயும் பாற்கட்டியும் செய்து, இலையுதிர் காலத்தில் இறங்கிவிடுவார்கள். அந்த வாழ்க்கை மறைந்துபோய்ப் பல தலைமுறைகள் ஆயின. பெயர் மட்டும் நிற்கிறது. நிலப்படத்தில் பார்த்தேன்: கடல்மட்டத்துக்குமேல் 250 மீட்டர், வழியில் இரட்டை அம்பு. மே மாதமாயினும் அந்த உயரத்தில், மேற்கிலிருந்து மழைக்காற்று வீசும் இடத்தில், முழங்கால் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன். கோடையில் மாடு மேய்க்கக் கட்டிய வீட்டை மாடுகளுக்கே விட்டுவிடலாம் என்று சொன்னாள் என் மனைவி.

இரண்டாவது வீடு ஆற்றங்கரையில். ‘க்ளான்’ என்று தொடங்கும் பெயர். ஊரிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவு, சமதரை, படி இல்லை. எல்லாம் பொருந்தியது. ஆனால் நிலப்படத்தில் அந்த வீட்டைச் சுற்றிலும் ஒரு சமஉயரக் கோடுகூட இல்லை. நெடுந்தூரத்துக்குக் கோடே இல்லாத இடத்தில் ஆறு வளைந்து வளைந்து செல்லுமானால், அது ஆறு தானே பரப்பிய வண்டல் நிலம். ஆறு வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்புப் பாடம் இது. டவி ஆறு பெருகும்போதெல்லாம், 1805இல் கட்டிய பழைய கற்பாலத்துச் சாலை நீரில் மூழ்கிப் போக்குவரத்து நின்றுவிடும். அதனால்தான் தூண்கள் நிறுத்தி ஒரு புதிய பாலம் கட்டி 2024இல் திறந்தார்கள். பாலத்தை உயர்த்திக் கட்டினார்கள். அந்த வீட்டை யாரும் உயர்த்தவில்லை. அதையும் விட்டோம்.

மூன்றாவது வீட்டை மகள்தான் கண்டுபிடித்தாள். இரவுப் பணி முடிந்து வந்தவள், உறங்கப் போகாமல் என் அறைக்கு வந்து, “அப்பா, உங்களுக்காகவே கட்டியதுபோல் ஒரு வீடு இருக்கிறது, பாருங்கள்” என்றாள். அதன் பெயர் ‘அர் ஹேன் அஸ்கொல்’. அகராதி தேவைப்படவில்லை, கடைசிச் சொல் காதிலேயே விளங்கிவிட்டது. பழைய பள்ளிக்கூடம்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல் சுவர், சிலேட்டுக் கூரை, உச்சியில் மணி தொங்கிய சிறு கூடு. ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வாயில், பெண் பிள்ளைகளுக்கு ஒரு வாயில். சாளரங்கள் உயரத்தில் அமைந்திருந்தன. உட்கார்ந்திருக்கும் பிள்ளை வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்காக அக்காலத்தில் அப்படி வைப்பார்கள். எந்த நாட்டிலும் ஆசிரியர் புத்தி ஒன்றுதான். உள்ளே, வகுப்பறை நடுவில் தோல் இருக்கைகள். உணவு மேசைக்குப் பின்னால் பழைய கரும்பலகை அப்படியே இருந்தது. அதில் சுண்ணக்கட்டியால் நல்வரவு எழுதி, பக்கத்தில் ஒரு மதுப் புட்டியின் படமும் வரைந்திருந்தார்கள். எனக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து தோசை சாப்பிடலாம் என்று மகள் சொன்னாள்.

ஆனால் பள்ளி ஏன் மூடப்பட்டது என்று அறிய விரும்பினேன். உரிமையாளருக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். அவர் மரியாதையோடு உடனே மறுமொழி எழுதினார். சில ஆண்டுகளுக்கு முன்பு பிள்ளைகள் ஒன்பது பேராகக் குறைந்ததும் மூடினார்கள். பிறகு ஏலத்தில் வந்தது. தாம் இங்கிலாந்தில் ஒரு நகரத்தில் இருப்பதாகவும், ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்ப்பதாகவும், மற்றவற்றைத் துப்புரவுப் பணியாளர் கவனித்துக்கொள்வதாகவும் தெரிவித்தார்.

ஒன்பது பேர். நான் தலைமையாசிரியனாக இருந்த கடைசி ஆண்டில் எங்கள் பள்ளியின் ஆறாம் வகுப்பில் பதினொருவர் சேர்ந்தார்கள். வருகைப் பதிவேட்டில் கீழே எஞ்சிய வெற்றுக் கோடுகளை நான் மறக்கவில்லை. ஒரு பள்ளியில் பிள்ளைகள் குறைவது எப்படி என்று எனக்குத் தெரியும். யாரும் திட்டமிட்டு அதைச் செய்வதில்லை. ஒரு குடும்பம் வேலை தேடிப் போகும், அந்த வீட்டை வாங்க உள்ளூர் இளைஞனிடம் பணம் இருக்காது, வெளியூரார் வாங்குவார், அவர் பிள்ளைகள் வேறெங்கோ படிப்பார்கள்.

அந்த நாட்டில் இதனோடு மொழியின் கதையும் சேர்ந்துவிடுகிறது. 1847ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கல்வியைப் பற்றி ஓர் அரசாங்க அறிக்கை வெளிவந்தது. அதை எழுதிய மூன்று ஆணையாளருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது. மக்களின் பின்னடைவுக்கு அவர்கள் மொழியே காரணம் என்று அது குறை கூறிற்று. அந்த நூற்றாண்டில் சில பள்ளிகளில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அவன் வெல்ஷ் பேசும் இன்னொருவனைக் கண்டால் அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் கொடியவர்கள் அல்லர். பிள்ளைகள் முன்னேற ஆங்கிலம் வேண்டும் என்று நம்பிய ஆசிரியர்கள். பல பெற்றோரும் அதற்கு இசைந்தார்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

1911இல் வேல்ஸ் மக்களுள் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வெல்ஷ் பேசினார்கள். பிறகு பல பத்தாண்டுகள் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. வானொலியில் பேசும் நான் ஒரு வானொலிப் பேச்சை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1962 பிப்ரவரியில் சாண்டர்ஸ் லூயிஸ் என்னும் முதிய எழுத்தாளர் பி.பி.சி. வானொலியில் தம் மொழியின் விதியைப் பற்றி வெல்ஷ் மொழியில் பேசினார். நிலைமை மாறாவிட்டால் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழும் மொழியாக இராது என்று எச்சரித்தார். அந்த ஆண்டிலேயே இளைஞர்கள் ஒரு மொழிச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். சாலைப் பலகைகளிலும் நீதிமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் அம்மொழி பரவலாக இடம் பெற்றது அதற்குப் பின்னர்தான். 2021 கணக்கெடுப்பின்படி அம்மொழி பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர்; நூற்றுக்கு 18 பேருக்குச் சற்றுக் குறைவு. அவர் அஞ்சிய காலம் வந்தது, மொழி இருக்கிறது. ஆனால் அது இருப்பது வகுப்பறையிலும் பலகையிலும் மட்டுமா, அடுப்பங்கரையிலுமா என்பது சிற்றூர்களைப் பொறுத்தது. சிற்றூரில் ஆள் இல்லாவிட்டால்?

இதனால் எழுந்த சினம் ஒரு காலத்தில் தீயாகவும் மூண்டது. 1979 முதல் 1990களின் தொடக்கம் வரை, வெளியூராரின் விடுமுறை வீடுகள் இருநூறுக்கு மேல் இரவில் கொளுத்தப்பட்டன. க்ளின்டூரின் மைந்தர் என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஒரு மறைவுக் கூட்டம் பொறுப்பேற்றது. தீ வைப்பதால் பள்ளியில் ஒரு பிள்ளை கூடிவிடாது என்பது என் எண்ணம். வேல்ஸ் அரசு பின்னர் வரி வழியில் முயன்றது. 2023 ஏப்ரல் முதல், பூட்டிக் கிடக்கும் இரண்டாவது வீடுகளுக்கு வழக்கமான உள்ளாட்சி வரிக்குமேல் 300 விழுக்காடு வரை கூடுதலாக விதிக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. வாடகை வீடு என்று காட்டித் தொழில் வரிக்கு மாற விரும்பினால், ஆண்டில் 182 நாள்களாவது உண்மையாகவே வாடகைக்குப் போயிருக்க வேண்டும் என்றும் அப்பொழுது விதித்தார்கள். இதில் உள்ளூர் உழவர்களுக்கும் இடர் வந்தது. ஆட்டுப் பண்ணையில் வரும்படி போதாமல், பழைய தொழுவத்தைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர் பலர். மழை மிகுந்த மலைப்பகுதியில் 182 நாளுக்கு ஆள் பிடிப்பது எளிதன்று என்று அவர்கள் முறையிட்டார்கள்.

இவ்வளவையும் நான் இரவு உணவின்போது சொல்லி முடித்தேன். பேரன் உறங்கிவிட்டான். என் மனைவி பாத்திரங்களை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “நாம் போகாவிட்டால் அந்தப் பள்ளியைத் திறந்துவிடப் போகிறார்களா? பூட்டிக் கிடந்து, மழையில் நனைந்து, கூரை சரிந்து போவதைவிட, யாரோ விளக்கேற்றிக் குடியிருக்கிறார்கள். அதில் என்ன குற்றம் கண்டீர்கள்?”

எனக்கு விடை தெரியவில்லை. மூடிய பள்ளியை வாங்கியவர் அதை மூடியவர் அல்லர். அவர் கூரையைச் செப்பனிட்டிருக்கிறார். கரும்பலகையை உடைக்காமல் வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் கரும்பலகையின் கீழ் எனக்கு உணவு இறங்காது என்பது மட்டும் தெரிந்தது. மறுநாள் நிலப்படத்தைப் பார்த்தபோது, பள்ளி ரயில் நிலையத்திலிருந்து ஏழு மைல் என்றும், படுக்கையறை செங்குத்தான மரப்படி ஏறி மேலே என்றும் கண்டோம். மகள் பெருமூச்சு விட்டுப் பக்கத்தை மூடினாள். நாங்கள் அந்த வீட்டைக் கைவிட்டதற்குப் பாதி என் கொள்கையும் பாதி என் மனைவியின் முழங்காலும் காரணம் என்று சொல்வதுதான் நேர்மை.

கடைசியில் எடுத்தது, ஊருக்கு இரண்டு மைலில், தெற்கு நோக்கிய சரிவில் இருந்த ஒரு பண்ணை. சரிவு தெற்கு நோக்கினால் அந்த நாட்டில் வெயில் கிடைக்கும். வடக்கு நோக்கினால் பாசி கிடைக்கும். அங்கே மாட்டுத் தொழுவம் ஒன்றை வீடாக்கியிருந்தார்கள். பெயரும் ‘பெய்டி’, அதாவது தொழுவம் என்பதே, மாற்றவில்லை. முற்றத்துக்கு அப்பால் பண்ணைக்காரர் குடும்பம் குடியிருந்தது. படம் சுமார்தான். பணம் அனுப்புவதற்கு முன்பு தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேட்டேன். படுக்கையறை கீழ்த்தளத்தில்தானா? குளியலறைக்குப் படி உண்டா? மே மாதத்தில் கணப்புக்கு விறகு யார் பொறுப்பு? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பண்ணைக்கார அம்மையார் பொறுமையாக விடை சொன்னார். தண்ணீர் தங்கள் சொந்த ஊற்றிலிருந்து வருவது, வடிகட்டியது, நான்கு தலைமுறையாக அதையே குடிக்கிறோம் என்றார். அந்தக் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. என் மனைவி, “அந்த வீட்டையே முடித்துவிடுங்கள்” என்றாள்.

சனிக்கிழமை மாலை வாடகை வண்டி எங்களை இறக்கிவிட்டபோது சாவி கதவிலேயே இருந்தது. மேசைமேல் ஆறு முட்டைகள். ஞாயிறும் திங்களும் விடாத மழை. உள்ளே குளிர் இல்லை. சுவர் இரண்டடிக் கனம். விறகுக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. அதைத் தொலைபேசியில் அவர் சொல்லத்தான் செய்தார், நான் சரியாகக் கேட்கவில்லை. தாழ்ந்த உத்தரத்தில் இரண்டு முறை தலையை இடித்துக்கொண்டேன். மாடுகளைப் பிரித்துக் கட்டுவதற்கு நிறுத்திய பெரிய சிலேட்டுப் பலகைகளை எடுக்காமல் வைத்திருந்தார்கள். பேரன் ஒன்றின் பின்னால் படுக்கை விரித்து, தனக்கென்று ஒரு கட்டுத்தறி வைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை மழை விட்டது. அந்த அம்மையார் தம் பிள்ளைகளிடமும் நாயிடமும் வெல்ஷ் பேசினார், எங்களிடம் ஆங்கிலம். பேரன் ஒருநாள் முட்டை வாங்கிக்கொண்டு ‘தியோல்ஃக்’ என்றான், நன்றி என்று பொருள். அவர் சிரித்து, அவன் உச்சரிப்பைத் திருத்தவே இல்லை. அதிலிருந்து அவனிடமும் வெல்ஷ் மொழியிலேயே பேசத் தொடங்கிவிட்டார். அவனுக்கு என்ன விளங்கிற்றோ தெரியாது. நாள் முழுவதும் ஆட்டுக்குட்டிகளின் பின்னால் அந்தப் பிள்ளைகளோடு திரிந்தான். புதன்கிழமை சந்தைக்குப் போனோம். பாற்கட்டி, நாற்றுச் செடி, பழைய புத்தகம், கம்பளிக் காலுறை எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. என் மனைவி ஒரு தொட்டியில் கொத்தமல்லிச் செடி வாங்கி, அன்றிரவே ரசத்தில் கிள்ளிப் போட்டாள். அன்று மாலை மாப்பிள்ளை வண்டியோடு வந்து சேர்ந்தார். மறுநாள், ஊருக்குத் தென்மேற்கே உள்ள சதுப்பில், மீன் பிடித்துண்ணும் விராலடிப்பான் பருந்துகளைத் தொலைநோக்கி வழியே பார்த்தோம். 2011 முதல் அவை அங்கே குஞ்சு பொரிக்கின்றன. குளிர்காலத்துக்கு மேற்கு ஆப்பிரிக்கா சென்று மீள்கின்றன.

வெள்ளிக்கிழமை, வண்டி இருந்தமையால், அந்தப் பழைய பள்ளிக்கூடத்தைப் பார்த்துவரலாம் என்று நானே சொன்னேன். குறுகிய சாலை, இருமருங்கும் வேலி. ஊரில் பதினைந்து இருபது வீடுகள். அவற்றுள் எத்தனையில் ஆள் இருக்கிறார்கள் என்று எண்ணப் பார்த்தேன். பகல் நேரத்தில் அது தெரியாது. பள்ளியின் கதவருகே எண்களை அழுத்தித் திறக்கும் சாவிப் பெட்டி ஒன்று இருந்தது. விடுமுறை வாரமாதலால் யாரோ தங்கியிருந்தார்கள். முற்றத்தில் நான்கு பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒரே கூச்சல். பந்து மதிலைத் தாண்டி என் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தேன். சிறுமி ஒருத்தி ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு ஓடினாள்.

“பார்த்தீர்களா, பிள்ளைச் சத்தம் கேட்கிறது” என்றாள் என் மனைவி.

“நாளைக் காலை பத்து மணிக்கு நின்றுவிடும்” என்றேன்.

“மாலை நான்கு மணிக்கு வேறு பிள்ளைகள் வருவார்கள்.”

“அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும்?”

“நீங்கள் பதிவேட்டை விடமாட்டீர்கள்” என்று சொல்லி, வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பண்ணை வாயில் வரும்வரை இருவரும் அதைப் பற்றியே வாதாடினோம். மாப்பிள்ளை இடையிடையே இரண்டு பக்கமும் தலையசைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார். முற்றத்தில் பேரன், பண்ணைப் பிள்ளைகள் இருவரோடும் நாயோடும் எங்களுக்காகக் காத்திருந்தான். ஒரு குட்டி வேலிக்கு வெளியே போய்விட்டதாம். பிடிக்க ஆள் போதவில்லையாம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் இருந்த ரப்பர்க் காலணிகளுள் என் அளவுக்கு ஒன்றைத் தேடினேன்.